உது பாட்டே?

மதியம் ஒரு மணியானால் என் கை தானாகப் போய்ப் பாட்டின் சத்தத்தைக் குறைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்கு வந்து எட்டு மாதமாகிறது, இன்னும் குறைக்கிறது. ஜேர்மனியில் நான் இருந்த மாடிக் கட்டடத்தில் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை ‘றூஹெ’. அமைதி என்று அர்த்தம்; அவர்கள் சொல்கிற விதத்தில் அது அதட்டல். அந்த இரண்டு மணிநேரமும் ஆணி அடிக்கக்கூடாது, உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போடக்கூடாது, பிள்ளை அழுதால் ஓடிப்போய் யன்னலைச் சாத்தவேண்டும். நாற்பது வருஷம் அப்படிப் பழகின கை. இங்கே என்னடாவென்றால், விடிய ஐந்து மணிக்கு மூன்று கோயில் ஸ்பீக்கர்கள் மூன்று வேறு பக்திப் பாடல்களை ஒரேநேரத்தில் என் தலையணைக்குள் கொட்டுகின்றன. அதைப்பற்றி ஊரில் ஒருவருக்கும் முறைப்பாடு இல்லை. என் பெட்டியைப்பற்றித்தான் முறைப்பாடு.

பெட்டி என்பது நான் கப்பலில் போட்டுக் கொண்டுவந்த இசைத்தட்டுப் பெட்டி. கூடவே தட்டுச் சுழற்றுகிற மெஷின் ஒன்று, என் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். கணவர் காலமாகி, பிள்ளைகள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டு போனபிறகு, இனி ஊரிலே இருப்போம் என்று வந்தேன். இது அம்மா எனக்குச் சீதனமாக எழுதின வீடு. ஆனால் காத்தது என் அண்ணை, குணம் அண்ணை. ஷெல் விழுந்து கூரை போனபோது திரும்ப ஓடு போட்டவர் அவர். பின்னாலுள்ள வெங்காயத் தோட்டத்தை எழுபது வயதுவரை கொத்தினவரும் அவர். மனைவி போனபிறகு தனியாக இருந்தார். இரண்டு கிழடுகளும் ஆளுக்காள் துணையாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பெட்டி திறக்கப்பட்ட அன்று ஊர்ச்சனம் சொக்லேட்டும் சென்ற் போத்தலும் வருமென்று பார்த்துக்கொண்டு நின்றது. வந்தது கறுப்புத் தட்டுகள். எலெக்ட்ரோ ஃபங்க், பழைய ஹிப்-ஹொப்.

முதல் தட்டைப் போட்ட அன்றே அண்ணை விறாந்தைக் கதிரையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“உது பாட்டே?”

“பாட்டுத்தான் அண்ணை.”

“உவன் எங்கை பாடுறான்? கதைக்கிறான்.”

“ஓம், கதைக்கிறான். தாளத்தோடை கதைக்கிறான்.”

“கதைக்கிறதெண்டால் வந்து எனக்கு முன்னாலை இருந்து கதைக்கச் சொல்லு. பெட்டிக்குள்ளை இருந்து கத்தக் கூடாது.”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அதையே வேறு வேறு சொல்லில் சொன்னார். நானும் சும்மா இருக்கிற சாதியில்லை. கோயில் திருவிழாவில் தவில்காரர் போட்டிக்கு அடிக்கிற சமா என்றால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பீர்களே, அதில் மட்டும் என்ன பாட்டு இருக்கிறது, அதுவும் அடிதானே என்று கேட்டேன். அது தெய்வத்துக்கு அடிக்கிறது என்றார். இது மனிதருக்கு அடிக்கிறது என்றேன். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

இந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஜேர்மனியில் இருக்கிற நம்மவர்களும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் மரியாதையாகக் கேட்கவில்லை. பிறந்தநாள் விழாவொன்றில் நான் ஒரு தட்டைப் போடக் கொடுத்தபோது, தன்னைப் பெரிய படிப்பாளி என்று சொல்லிக்கொள்கிற ஒருத்தர் “காப்பிலிப் பாட்டை நிப்பாட்டுங்கோ” என்று, கறுப்பினத்தவரை இழிக்கிற சொல்லாலேயே மைக்கில் சொன்னார். மண்டபமே சிரித்தது. அடுத்தநாள் அதே மனிதர், வேலையிடத்தில் தன்னை நிறம் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று என் கணவரிடம் வந்து மூக்கைச் சிந்தினார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஆகையால் இதை அவருக்காக எழுதவில்லை. கேட்கத் தெரிந்த யாராவது நாலு பேர் இருப்பீர்கள், உங்களுக்காக எழுதுகிறேன்.

ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். இருபது வயதில் வாயாலேயே எங்கள் தெருவை, ஒழுங்கை முழுவதையும், ஆண்டவள். ஜேர்மனியில் அகதிகளை வைத்திருந்த ஹைமில் போய் இறங்கியபோது அந்த வாய் போய்விட்டது. எனக்குத் தெரிந்தது இரண்டு சொல், ‘நைன்’, ‘டங்க’. இல்லை, நன்றி. சமையலறையில் ஒருத்தி என் சட்டியைத் தூக்கி எறிந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்லமுடியும். கோபம் வயிற்றிலேயே கிடந்து புளித்தது. வேலை செய்ய அனுமதியில்லை, ஊரைவிட்டு வெளியே போக அனுமதியில்லை. யன்னலடியில் நின்று முற்றத்தைப் பார்ப்பதுதான் என் தொழில்.

முற்றத்துச் சீமெந்து வழுவழுப்பானது. அயலில் இருந்த துருக்கிக்காரப் பெட்டைகள் சிலர் அங்கே வந்து, பெரிய மட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்து, பக்கத்தில் றேடியோவை வைப்பார்கள். ஒருநாள் அதில் ஒருத்தி திடீரென்று நிலத்தில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன, முதுகு சுழன்றது, கண் மேலே போனது. மற்றவர்கள் சுற்றிநின்று கைதட்டுகிறார்கள். இதென்ன ஈவிரக்கமில்லாத சனம் என்று நான் அறைப் பூட்டின் திறப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடினேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கவேண்டும், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுடைய உள்ளங்கையில் திறப்பை வைத்து, விரல்களை மூடி, இறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் தலையையும் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஆடிக்கொண்டிருந்தவள்.

என்னவோ கேட்டாள். நான் “டங்க” என்றேன். மறுபடியும் கேட்டாள். “நைன்” என்றேன். முற்றமே உருண்டு சிரித்தது. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. எழுந்து, திறப்பைத் திரும்ப என் கையில் வைத்து, மட்டையின் ஓரத்தில் இருக்கச் சொல்லிக் கை காட்டினாள். அய்லின் என்று பெயர். அதற்குப்பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது ‘ஷ்லுஸல்’ என்று. திறப்பு என்று அர்த்தம். ஜேர்மனியில் என்னை வேறு எத்தனையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவற்றை இங்கே எழுதமாட்டேன்.

அன்று மட்டை ஓரத்தில் இருந்து கேட்டதுதான் நான் முதலில் கேட்ட எலெக்ட்ரோ ஃபங்க். மனிதக் கை படாத மேளம். ‘தும்’ என்று அடிவயிற்றில் இறங்கும், பிறகு ஒரு கைதட்டு, அதுவும் மெஷினின் கைதட்டு. தப்பாது, களைக்காது. அதற்குமேலே ஒரு குரல் வரும். பாடுகிறவர் தன் குரலை ஒரு கருவிக்குள் விட, அது மெஷின் கதைப்பதுபோல வெளியே வரும். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். நான் வாயைத் திறந்தால் அந்த நாட்டில் எல்லாரும் முதலில் கேட்பது எங்கிருந்து வருகிறாய் என்று. அந்தக் குரலிடம் ஒருவரும் அப்படிக் கேட்கமுடியாது. அதற்கு ஊர் இல்லை, உச்சரிப்புப் பிழை இல்லை, விசா இல்லை.

ஹிப்-ஹொப் அதற்கு நேரெதிர். அது முழுக்க முழுக்க ஆளின் வாய். பழைய தட்டுகளில் ஒருவன் எழுந்து தன் பெயரைச் சொல்லுவான், தன்னைப்போல ஒருத்தன் இல்லை என்பான், எதிராளியை இழுத்துவைத்துக் கிழிப்பான், ஒரு சொல்லும் தாளத்துக்கு வெளியே விழாது. எனக்கு இங்கிலீசு விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிளுவை வேலிக்கு இந்தப்பக்கம் எங்கள் அம்மாவும் அந்தப்பக்கம் மகேஸ் அக்காவின் தாயும் நின்று சண்டை பிடித்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான். அம்மா ஒரு அடி எடுத்துக்கொடுப்பா, முடிவில் ஒரு சொல்லை இழுத்து நிறுத்துவா. அங்கிருந்து அதே சொல்லில் தொடங்கிப் பதில் வரும். நடுவில் மூச்சு வாங்க இருவரும் விடுகிற இடைவெளியில் ஒழுங்கைச் சனம் “அப்பிடிப் போடு” என்னும். பறிபோன என் வாயை யாரோ நியூயோர்க்கில் இருந்து திரும்ப அனுப்பியதுபோல இருந்தது. அய்லின் சனிக்கிழமை பின்னேரங்களில் இளைஞர் மன்றத்து நிலக்கீழ் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சேலை தவிர ஒன்றும் உடுத்தறியாத நான் நீளக் காற்சட்டை போட்டு ஆடினேன். நன்றாக ஆடினேன் என்று பொய் சொல்லவில்லை. ஆடினேன்.

சரி, கோப்பாய்க்கு வருகிறேன். போன மாதம் அண்ணைக்கு நெஞ்சுநோ வந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், காலை பத்து மணியிருக்கும், கிணற்றடிக்கு முகம் கழுவப் போனார். பத்து நாளாகப் பாட்டில்லாமல் எனக்குக் கை நமைத்தது. ஒரு தட்டைப் போட்டேன். ஆறுதலான தாளம், தொடக்கத்தில் நெடுநேரம் வெறும் மேளம் மட்டும் போகும். யன்னல்கள் திறந்திருந்தன. சத்தத்தைக் கொஞ்சம் கூடத்தான் வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

தட்டு முடியவில்லை, பக்கத்து வீட்டு மகேஸ் அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தா. “என்ரை ராசா குணம், ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டியே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு என் கழுத்தைக் கட்டினா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால், சைக்கிளைக் கேற்றில் சாத்திவிட்டு, சேட்டைக் கழற்றித் தோளில் போட்டபடி, ஊர்ச் செத்தவீடுகளை முன்நின்று நடத்துகிற கந்தையா அண்ணை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“எப்ப எடுக்கினம் பிள்ளை? கொழும்பிலை இருந்து ஆரும் வரக்கிடக்கே?”

அண்ணை தலையில் துவாயோடு கிணற்றடியிலிருந்து வந்தார். “ஆரை எடுக்கினம்?” என்றார்.

மகேஸ் அக்கா கட்டின கையை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்தா. பறைச்சத்தம் கேட்டுது, குணத்துக்குச் சுகமில்லையெண்டும் தெரியும், வேறை என்ன நினைக்கிறது என்று முனகினா. எங்கள் பக்கத்தில் இன்னமும் சில செத்தவீடுகளுக்குப் பறை அடிக்கிறார்கள். அதன் அடியும் இந்த மெஷினின் அடியும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டால் ஒன்றுதான். இதை அவர்களுக்கு நான் விளக்கிக்கொண்டு நிற்க, தட்டு அதுபாட்டுக்குத் ‘தும் தும்’ என்று போய்க்கொண்டிருந்தது. கந்தையா அண்ணை சேட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு, செத்ததாகக் கதை வந்தால் ஆயுசு கூடும் என்று ஒரு சமாதானம் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. மகேஸ் அக்கா போகும்போது எங்கள் முற்றத்தில் துப்பிவிட்டுப் போனா. “உயிரோடை இருக்கிற தமையனுக்குப் பறை அடிச்சுப் பாக்கிறாள்” என்று ஒழுங்கையில் சொன்னது எனக்குக் கேட்கவேண்டுமென்றே சொன்னது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் கோப்பாய் முழுக்க அதுதான் கதை.

அண்ணை உள்ளே போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே பையில் உடுப்பை அடுக்கினார். கொக்குவிலில் இருக்கிற மகளுக்குப் போன் அடித்து, நாலு மணிக்கு ஓட்டோ அனுப்பச் சொன்னார். பையை விறாந்தைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தார்.

“பெட்டி இருக்கட்டும். வீடும் உன்ரை. நான் போறன்.”

அவர் போனால் திரும்பி வரமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்து தமையனைத் துரத்தினவள் என்று பெயர் எடுத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு நாள்கூட இருக்கமுடியாது. அங்கேயும் எனக்கு வீடில்லை. அதைவிட, நான் யாரென்று தெரிந்த கடைசி மனிதர் அவர்தான். பெட்டியைக் கொளுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார். அந்தச் சொல் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“பறையெண்டால் உங்களுக்கு அவ்வளவு அருவருப்பே? சாவுக்கு மட்டும் அந்த மனுசரைக் கூப்பிடுவியள். கேற்றுக்கு வெளியிலை நிப்பாட்டி, வேறை பேணியிலை தேத்தண்ணி குடுப்பியள். நியூயோர்க்கிலையும் உந்தப் பாட்டை அடிச்ச கறுப்புச் சனத்தை அப்பிடித்தான் நிப்பாட்டினவங்கள். எனக்கு அவையைத்தான் பிடிக்கும்.”

“எனக்கு அருவருப்பெண்டு ஆர் சொன்னது?”

“பேந்தென்ன?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாளில் என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

“தேவனுக்கு அடிக்கேல்லை.”

தேவன் எங்கள் தம்பி. நான் ஜேர்மனிக்குப் போய் மூன்றாம் வருஷம் ஷெல்லடியில் செத்தவன். பத்தொன்பது வயது. செய்தி எனக்குக் கடிதத்தில் வந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தபிறகு. அண்ணையின் கையெழுத்து. சனிக்கிழமை பின்னேரம் மோசம் போனான், முறைப்படி எல்லாம் செய்தோம், யோசிக்காதே என்று எழுதியிருந்தார். அந்த ‘முறைப்படி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அத்தனை வருஷமும் நித்திரை கொண்டேன்.

“என்ன முறை?” என்றார் அண்ணை. “சனமெல்லாம் கோயிலுக்கும் பள்ளிக்குடத்துக்கும் ஓடீட்டுது. ஒரு குஞ்சு குருமானும் வரேல்லை. ஷெல்லடி சுடலைக்குக் கொண்டுபோக விடேல்லை. நானும் அம்மாவும் தூக்கிக்கொண்டு போய் வெங்காயத் தரைக்குள்ளை வைச்சு எரிச்சம். அம்மா வாய்விட்டு அழக்கூடப் பயந்தவ, சத்தம் கேட்டால் இன்னொண்டு வந்து விழுமெண்டு. ஒரு மேளச்சத்தம் இல்லை. நாய்க்குக்கூட அப்பிடி நடக்கக்கூடாது. நீ ஏழு மாசமாய் அந்தத் தரைக்கு முன்னாலை பெட்டியை வைச்சு அடி அடியெண்டு அடிக்கிறாய். நல்ல சுதியோடை அடிக்கிறாய்.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“அந்தச் சனிக்கிழமை நான் ஆடிக்கொண்டிருந்தனான், அண்ணை.”

கடிதம் வந்த அன்றே நாட்களை எண்ணிப் பார்த்தேன். கணவருக்குச் சொல்லவில்லை, அய்லினுக்கும் சொல்லவில்லை. அதற்குப்பிறகு நிலக்கீழ் அறைக்குப் போகவேயில்லை. ஆனால் தட்டுகளை வாங்கிக்கொண்டேயிருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அண்ணை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

“எதுக்கு ஆடினனீ?”

ஏன் ஆடினாய் என்று கேட்கிறார் என்று நினைத்து, தெரியாதுதானே அண்ணை, கடிதம் பிந்தித்தானே வந்தது என்று அழுதுகொண்டு சொன்னேன்.

“அதில்லையடி விசரி. எந்தப் பாட்டுக்கு?”

எனக்கு நினைவில்லை. நாற்பது வருஷத்துக்குக் கிட்டவாகிறது, ஒரு பின்னேரத்தில் எத்தனையோ தட்டுப் போடுவார்கள். பெட்டிக்குள் கைவிட்டு வந்த ஒன்றை எடுத்து, “இதுதான்” என்றேன். பொய். இதை எழுதுகிறபோதுதான் முதன்முதலாக ஒத்துக்கொள்கிறேன்.

“போடு.”

போட்டேன். அண்ணை கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். மெல்ல நடந்து போய்க் கேற்றின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார், செத்தவீட்டுக்குத் திறக்கிறதுபோல. திரும்பி வந்து, கதிரையைத் தோட்டத்துப் பக்கம் பார்த்து வைத்து இருந்தார். “சத்தத்தைக் கூட்டு” என்றார். கூட்டினேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகேஸ் அக்கா வேலிக்கு மேலால் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டா. ஒழுங்கையால் இரண்டு மோட்டார் சைக்கிள் போனது, நிற்கவில்லை. வாய்க்காரியின் பெட்டி என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். தேவனுக்கு இந்தமுறையும் ஒருவரும் வரவில்லை.

தட்டு முடிந்தது. ஓட்டோ வர இன்னும் நேரமிருந்தது. அண்ணை திரும்பிப் பாராமலே சொன்னார்.

“இன்னும் எரிஞ்சு முடியேல்லை. மற்றப் பக்கத்தையும் போடு.”

திருப்பிப் போட்டேன். மேளம் தொடங்கியது, பிறகு அந்த ஊரில்லாத குரல் வந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தம்பிக்காக வாய்விட்டு அழுதேன். கீழே பார்த்தால் என் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.